தூசு உறிஞ்சும் வாய்

வேக்குவம் கிளீனரில் தூசைப் பெயர்த்தெடுப்பது ஓடும் காற்று. அதற்கு வழி வகுப்பது வாய்முனை. உறிஞ்சும் காற்று எட்டும் தூரம் மிகக் குறைவு. வட்டத் துளையிலிருந்து அதன் விட்டமளவு தள்ளிப்போனாலே வேகம் ஏறத்தாழ 10 சதவீதமாகிவிடும். ஆகவே வாய் தரையை ஒட்டியே நகர வேண்டும். முழுக்க ஒட்டிக்கொண்டாலோ காற்றோட்டம் நின்று, உறிஞ்சுவிசை உச்சத்தில் இருந்தும் தூசு அசையாது. முன்விளிம்பில் வெட்டிய சிறு பிளவுகள் இந்த இக்கட்டை அழகாகத் தீர்க்கின்றன: காற்று தரையை உரசியபடி நுழைகிறது, பருத்த குப்பையும் சிக்காமல் வருகிறது.

அகன்ற வாயில் குழாய் நடுவில் இணைவதால் ஓரங்கள் சோர்ந்துபோகும். உட்குடைவை நடுவை நோக்கி மெல்ல ஆழப்படுத்தினால் வேகம் ஓரளவு சமமாகும். நுழைவாயின் கூர்விளிம்பை வளைத்துவிட்டால் சுழலும் இரைச்சலும் தணியும். சோபா இடுக்குக்கான ஒடுங்கிய முனையில் காற்றின் அளவு குறைவு, வேகம் அதிகம்.

மோட்டாரின் வாட் கணக்கை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். வாயைத் திருப்பிப் பாருங்கள்.