ஒரே விமானம், இரண்டு வரைபடங்கள்

ஏர்பஸ் ஏ380 விமானத்தின் பின்பகுதிகள் ஜெர்மனியின் ஹாம்பர்கிலிருந்து பிரான்சின் துலூஸ் நகருக்கு வந்து சேர்ந்தன. வயர் கட்டுகளைப் பொருத்த இறங்கிய தொழிலாளர்கள் திகைத்துப்போனார்கள். வயர் தன் வழியில் ஒழுங்காக வந்து, செருக வேண்டிய இடத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே முடிந்துவிட்டது. ஒரு விமானத்துக்குள் ஏறத்தாழ 530 கிலோமீட்டர் வயர் ஓடுகிறது. நீளம் போதவில்லை என்றால் இழுத்து ஒட்டுப்போட்டுச் சமாளிக்க வழியில்லை. கட்டைப் பிரித்து, போகும் பாதையையே மாற்ற வேண்டும்.

ஜெர்மனியும் ஸ்பெயினும் கேட்டியா வரைவு மென்பொருளின் நான்காம் பதிப்பில் வேலை செய்தன. பிரான்சும் பிரிட்டனும் ஐந்தாம் பதிப்புக்கு மாறியிருந்தன. ஐந்தாவது அடியோடு புதிதாக எழுதப்பட்டது என்பதால், ஒன்றில் வரைந்ததை மற்றதில் திறக்கும்போது சில விவரங்கள் உதிர்ந்தன. எடையைக் குறைக்கப் பல இடங்களில் செம்புக்குப் பதிலாக அலுமினிய வயர் போட்டிருந்தார்கள். அது தடிமனானது, வளைய அதிக இடம் கேட்கும். அந்தக் கணக்கு வரைபடத்தில் சரியாக ஏறவில்லை.

மென்பொருள்தான் குற்றவாளி என்று முடித்துவிடுவது எளிது. எனக்கு அது போதவில்லை. பல நாடுகள் தொலைவிலிருந்தே சேர்ந்து விமானம் செய்யும் இந்த முறைதான் 1970 முதல் ஏர்பஸ்ஸை வளர்த்தது. வேல்ஸின் பிராட்டன் ஆலையில் இறக்கை, ஹாம்பர்கில் உடற்பகுதி, ஸ்பெயினில் வால் என்று அவரவர் கைதேர்ந்ததை அவரவர் செய்தார்கள். ஏ320 அப்படிப் பிறந்ததுதான். எந்த ஒரு ஐரோப்பிய நாடும் தனியாக போயிங்கை எதிர்த்து நின்றிருக்காது. பொதுமொழியாக ஆங்கிலமும் இருந்தது. ஆகவே பேச்சு புரியாமல் போனதால் வந்த வினை இது என்று சொல்ல இடமில்லை.

கோளாறு வேறு இடத்தில். கணினியில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு விமானம் இருந்தது. அதைத் திறந்து பார்த்தவர்கள், அடுத்த ஊர்க்காரரும் இதையேதான் பார்க்கிறார் என்று நம்பினார்கள். தொலைவிலிருந்து வேலை செய்யும் குழுக்களில் இதைவிட ஆபத்தான நம்பிக்கை இல்லை. புரியாத கடிதம் வந்தால் திருப்பிக் கேட்போம். புரிந்ததுபோல் தோன்றும் கோப்பை யாரும் திருப்பிக் கேட்பதில்லை.

எல்லோரும் ஒரே பதிப்புக்கு வாருங்கள் என்று ஏன் யாரும் உத்தரவிடவில்லை? உத்தரவிடும் நாற்காலி ஒன்றாக இல்லை. அப்போது தாய் நிறுவனமாக இருந்த இஏடிஎஸ்ஸுக்கே பிரெஞ்சுக்காரர் ஒருவர், ஜெர்மானியர் ஒருவர் என இரண்டு தலைவர்கள். யாருடைய கருவி நிலைக்கும் என்ற கேள்வி, எந்த நாடு விட்டுக்கொடுக்கும் என்ற கேள்வியாக மாறிவிடும். அதனால் முடிவு தள்ளிப்போனது. கீழே தெரிந்த கோளாறு மேலே போய்ச் சேரவும் காலம் பிடித்தது. 2006 ஜூனில் தாமதம் அறிவிக்கப்பட்ட மறுநாள் பங்கு விலை கால்பங்குக்கு மேல் சரிந்தது. அடுத்த மாதமே இஏடிஎஸ்ஸின் பிரெஞ்சுத் தலைவர் நோயல் ஃபோர்ஜார், ஏர்பஸ்ஸின் தலைவர் குஸ்டாவ் ஹும்பர்ட் இருவரும் பதவி விலகினார்கள். அக்டோபருக்குள் தாமதம் மொத்தம் ஏறக்குறைய 2 ஆண்டு என்றானது.

ஹாம்பர்க் தொழிலாளர்கள் நூற்றுக்கணக்கில் துலூஸுக்குப் போய், பிரெஞ்சுத் தொழிலாளர்களின் பக்கத்தில் நின்று வயர்களைக் கையால் மாற்றிப் போட்டார்கள். முதல் விமானம் 2007 அக்டோபரில்தான் சிங்கப்பூர் ஏர்லைன்ஸிடம் போனது. அதற்குள் ஃபெடெக்ஸும் யுபிஎஸ்ஸும் சரக்கு விமான ஆர்டர்களை ரத்து செய்திருந்தன.

திருத்தமும் வந்தது. 2007-இல் இரட்டைத் தலைமை ஒழிந்தது. அடுத்த விமானமான ஏ350-ஐ எல்லா ஊர்களும் ஒரே பதிப்பில் வரைந்தன. முறை நல்லதுதான், கைவிட வேண்டியதில்லை என்பதற்கு அதுவே சான்று. ஆனால் அதே 2007 பிப்ரவரியில் செலவைக் குறைக்க 10,000 வேலைகளை வெட்டுவதாக ஏர்பஸ் அறிவித்ததை என்னால் சும்மா கடந்துபோக முடியவில்லை. எந்தப் பதிப்பை வாங்குவது என்று அந்தப் பத்தாயிரம் பேரில் பெரும்பாலோரை யாரும் ஒருநாளும் கேட்டிருக்க மாட்டார்கள்.