உருண்டையா, தட்டையா? ராஸ் லஃபானை ரசிக்க ஒரு வழி

தோஹாவில் பன்னிரண்டு வருஷமாக இருக்கிற நண்பர் ஒருவர் போன வாரம் கேட்டார்: "ராஸ் லஃபான்ல பார்க்க என்னங்க இருக்கு? நாலு குழாய், ரெண்டு நெருப்பு." இவர் வாராவாரம் சூக் வாக்கிஃப் போய், அதே கரக் டீயை அதே கோணத்தில் படம் எடுத்துப் போடுகிறவர். எண்பது கிலோமீட்டர் வடக்கே ஒரு தடவை வண்டியைத் திருப்பவில்லை. எனக்கு வந்த கோபத்தில் எழுதுவதுதான் இது.

அடிப்படையைச் சட்டென்று முடித்துவிடுகிறேன். 1971-இல் கத்தாருக்கு வடக்கே, கடலுக்கு அடியில் இயற்கை வாயு கிடைத்தது. அந்த வயலில் கத்தாரின் பங்கு மட்டும் சுமார் 6,000 சதுர கிலோமீட்டர். வாயுவை அப்படியே கப்பலில் ஏற்ற முடியாது. மைனஸ் 162 டிகிரி வரை குளிர வைத்தால் திரவமாகி, அளவில் அறுநூறில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். அந்த வேலை நடக்கிற தொழில் நகரம்தான் ராஸ் லஃபான். அதைச் செய்கிற வரிசைகளுக்கு இங்கே 'டிரெயின்' என்று பேர். (புதிதாக வேலைக்கு வந்த பையன் ஒருவன் தண்டவாளத்தைத் தேடினான்.) பதினான்கு டிரெயின்கள், வருஷத்துக்கு 7 கோடியே 70 லட்சம் டன் என்பது பல வருஷமாகச் சொல்லப்பட்டு வந்த கணக்கு. வாயுவிலிருந்து டீசல் எடுக்கும் ஆலை தனி. ஹீலியமும் இங்கே எடுக்கிறார்கள். ஊரில் உங்கள் மாமியார் எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்குப் படுத்தபோது அந்த மிஷினைக் குளிர வைத்தது இந்தப் பாலைவனத்து ஹீலியமாக இருக்கலாம். பொருளாதாரம் இவ்வளவு போதும்.

நெருப்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ராத்திரி நெடுஞ்சாலையிலிருந்து, வேண்டாத வாயுவை எரித்துவிடுகிற 'ஃப்ளேர்' சுடரைப் பார்த்து "ஆகா" என்கிற கூட்டம் ஒன்று உண்டு. பால் பொங்கி அடுப்பில் வழிவதைப் பார்த்துக் கைதட்டுவது மாதிரிதான் அது. (பொங்கலன்று மட்டும் மன்னிப்பு உண்டு.) ஆலை ஒழுங்காக ஓடும் நாளில் அந்தச் சுடர் சின்னதாக இருக்கும். அதைப் பார்த்துத்தான் உள்ளே இருப்பவர்கள் சந்தோஷப்படுவார்கள்.

பார்க்க வேண்டியது கப்பல். கப்பலில் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று: உருண்டையா, தட்டையா?

உருண்டைக் கப்பலை ஒரு தடவை பார்த்தால் மறக்காது. மேல்தளத்தில் நான்கோ ஐந்தோ பிரம்மாண்ட இட்லிகளை வரிசையாக வைத்த மாதிரி இருக்கும். நார்வேக்காரர்கள் கண்டுபிடித்த முறை, 'மோஸ்' என்பார்கள். ஒவ்வொன்றும் தனி அலுமினியக் கோளம். நடுவயிற்றைச் சுற்றிய ஒரு பாவாடை மட்டும்தான் அதைக் கப்பலோடு பிடித்திருக்கிறது. குறுக்களவில் நாற்பது மீட்டர் இருக்கும் கோளத்துக்குள் மைனஸ் 162 டிகிரி சரக்கு இறங்கினால், அந்தக் கோளம் அரைச் சாணுக்கு மேல் சுருங்கும். சுருங்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். யாரையும் தொடாமல் தனியாக உட்கார்ந்திருக்கிற தொட்டி யாருக்கும் பாரமில்லை.

தட்டைக் கப்பலில் வெளியே ஒன்றும் தெரியாது. நீளமாக ஒரு பெட்டி. ஆனால் உள்ளே இருக்கிற சாமர்த்தியம் என்னை இன்னும் தூங்க விடுவதில்லை. அங்கே தனித் தொட்டி என்று எதுவும் கிடையாது. கப்பலின் உட்சுவரில் காப்புப் பெட்டிகளை அடுக்கி, அதன்மேல் உலோகத் தோல் ஒன்றை ஒட்டியிருப்பார்கள். ஒரு வகையில் அந்தத் தோலின் கனம் 0.7 மில்லிமீட்டர், வீட்டு எவர்சில்வர் தட்டின் கனம்தான். குளிரில் ஏறக்குறைய சுருங்கவே சுருங்காத 'இன்வார்' என்ற கலப்பு உலோகம் அது. அதைக் கண்டுபிடித்த கியோமுக்கு 1920-இல் நோபல் கொடுத்தார்கள். இன்னொரு வகையில் சாதா எவர்சில்வர்தான், ஆனால் குறுக்கும் நெடுக்குமாக மடிப்புகள். சுருக்கத்தை மடிப்பு வாங்கிக்கொள்ளும்.

தட்டைக்கு ஒரு பலவீனம் உண்டு. பாதி நிரம்பியிருந்தால் அலையில் சரக்கு தளும்பி அந்தத் தோலை அறையும். அதனால் ஏறக்குறைய நிரம்பியோ, ஏறக்குறைய காலியாகவோதான் கடலில் போக வேண்டும். நிறைகுடம் தளும்பாது என்று நம் பாட்டிமார் சொன்னதை இங்கே கப்பல் விதியாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். உருண்டைக்கு அந்தக் கவலை இல்லை.

இதற்கு ஏன் இவ்வளவு இடம் என்கிறீர்களா? இந்த ஊரின் சரித்திரமே இதில்தான் இருக்கிறது. 1996 டிசம்பரில் முதல் சரக்கு ஜப்பானுக்குக் கிளம்பியது, ஜப்பானில் கட்டிய உருண்டைக் கப்பலில். அந்த முதல் பத்துக் கப்பல்களுக்கு அல் சுபாரா, அல் கோர், சிக்ரீத் என்று கத்தாரின் ஊர்ப் பெயர்கள். பிறகு கொரியாவில் கட்டிய 'கியூ-மேக்ஸ்' வந்தது: 345 மீட்டர் நீளம், 2,66,000 கன மீட்டர், முழுக்கத் தட்டை. இப்போது ஷாங்காயின் ஹூடோங்-ஜோங்ஹுவா கப்பல் கட்டும் தளம். அங்கிருந்து 2024-இல் 'ரெக்ஸ் டில்லர்சன்' வந்தது, அதுவும் தட்டை. சீனாவின் சினோபெக் 2022-இல் 27 வருஷ வாயு ஒப்பந்தம் போட்டதைப் பத்திரிகையில் படிக்கலாம். காலம் மாறியதைக் கப்பலின் முதுகைப் பார்த்தும் தெரிந்துகொள்ளலாம். "எவ்வளவு பெருசு!" என்று மட்டும் வாய் பிளப்பவர்கள் யானையின் எடையைக் கேட்டுவிட்டுக் கிளம்புகிறவர்கள்.

கலாசாரம் இல்லாத ஊர் என்று பயணக் கட்டுரைக்காரர்கள் எழுதுகிறார்கள். கேட் பாஸ் இல்லாமல் தொழில் நகரத்துக்குள் விடமாட்டார்கள், உண்மைதான். ஆனால் வாழ்க்கை பக்கத்து அல் கோரில் நடக்கிறது. தூத்துக்குடியில் சிலாபம் நடந்த மாதிரி இங்கே முத்துக்குளிப்பு நடந்தது. இன்றைக்கு மீன் மார்க்கெட்டில் 'கனாத்' என்று அரபியில் விற்பதை நம்மவர்கள் வஞ்சிரம் என்று வாங்கிக்கொண்டு போகிறார்கள். அல் தகீராவில் அலையாத்திக் காடு. பக்கத்திலேயே கடல் நத்தையிலிருந்து ஊதாச் சாயம் எடுத்த பழைய தீவு. அல் பைத் மைதானம் இருக்கிறது, கூடார வடிவில். 2022 உலகக் கோப்பை அங்கேதான் தொடங்கியது. செல்ஃபி எடுத்துக்கொள்ளுங்கள், அதற்குமேல் அதில் ஒன்றுமில்லை.

ஒன்றை மட்டும் காதோடு சொல்கிறேன். இன்னும் வடக்கே ஃபுவைரித் போகிற வழியில் அல் ஜஸ்ஸாசியா என்ற பாறைமேடு இருக்கிறது. ஏறத்தாழ 900 செதுக்கல்கள். பல குழிகள் இரட்டை வரிசையில். பார்த்ததும் நம் கை சோழியைத் தேடும், பல்லாங்குழியேதான். அவற்றுக்கு நடுவே படகுகள். பக்கவாட்டில் தெரிகிற மாதிரி அல்ல, மேலே பறக்கிற பறவை பார்க்கிற மாதிரி. துடுப்புகள் இரண்டு பக்கமும் மீன்முள்ளாக நீட்டிக்கொண்டிருக்கும். சில கூர்மூக்கு, சில அகலம். செதுக்கியவனுக்கும் எது எந்த வகைப் படகு என்பதுதான் முக்கியமாக இருந்திருக்கிறது. எனக்கு அவனைத் தெரியும் போலவே இருக்கும்.

நவம்பருக்கும் மார்ச்சுக்கும் நடுவில் வாருங்கள். தொழில் நகர கேட் பக்கம் போனைத் தூக்காதீர்கள், வம்பு. எந்தக் கப்பல் வருகிறது என்று கப்பல் தேடும் ஆப்பில் முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். உருண்டைகள் கிழடாகிவிட்டன, வரவரக் குறைகின்றன. பைனாகுலர் இல்லையென்றால் என்னுடையதைத் தருகிறேன். உருண்டை வந்தால் மட்டும் உடனே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.