தொட்டுக்கொள்ள ஒரு பெண்

மடுகரையில் சாராயக்கடை வாசலில் அம்மா பதினாறு ஆண்டுகள் தள்ளுவண்டி போட்டிருந்தாள். அவித்த முட்டை, போட்டி வறுவல், நெத்திலி, சுண்டல், மாங்காய்க் காலத்தில் மிளகாய்த்தூள் தடவிய கீற்று. பள்ளிக்கூடம் விட்டதும் நான் நேராக வண்டிக்குப் போவேன். பின்னால் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் கிடக்கும். அதில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவேன். நாலு கடை தள்ளி ஒரு பிராந்திக் கடை, அதை ஒட்டி ஒரு பார். பாரின் ஸ்பீக்கர் தெருவைப் பார்த்து இருந்ததால், தமிழ்நாட்டில் எந்தப் பாட்டு ஓடுகிறது என்று வகுப்பில் முதலில் தெரிந்துகொண்டவள் நான்தான்.

காதலி விட்டுவிட்டுப் போனாள், அதனால் குடிக்கிறேன் என்று அந்த ஸ்பீக்கரில் அழாத ஆண் குரல் இல்லை. ஒருநாள் அம்மா எண்ணெயில் கரண்டியை விட்டபடியே சொன்னாள்: “இவுனுங்க குடிக்கிறதுக்கு எவளாவது ஒருத்தி தொட்டுக்க வேணும்.”

அதற்குப் பிறகு மதுக்கடையைப் பற்றிய எந்தப் பாட்டைக் கேட்டாலும் அம்மாவின் அந்த வாக்கியத்தை வைத்துத்தான் அளந்து பார்க்கிறேன். பெரும்பாலும் அது பொய்த்ததில்லை.

எங்கள் ஊர்க் கடையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நெட்டப்பாக்கம் கொம்யூனில், எல்லையை ஒட்டிய ஊர் எங்களுடையது. சற்று தூரம் போனால் விழுப்புரம் மாவட்டம். 1937இல் சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1948இல் சென்னை மாகாணம் முழுவதற்கும் பரவியபோது புதுச்சேரி பிரெஞ்சுக்காரர்களிடம் இருந்தது. இங்கே கடைகள் மூடவில்லை. 1971இல் தமிழ்நாட்டில் மதுவிலக்கு தளர்ந்தது. 1983இல் டாஸ்மாக் வந்தது. 2003இல் சில்லறை விற்பனையையும் அரசே எடுத்துக்கொண்டது. ஆனாலும் சாராயம் அந்தப் பக்கம் தடை, இந்தப் பக்கம் அரசு ஏலம் விடும் தொழில். வில்லியனூரை ஒட்டிய ஆரியப்பாளையத்தில் அரசின் வடிசாலையே இருக்கிறது. ஆகவே எங்கள் கடைக்கு இரண்டு பக்கத்து ஆண்களும் வந்தார்கள்.

அவர்கள் அங்கே குடிக்க மட்டும் வரவில்லை. கரும்பு வெட்டு எங்கே, கூலி எவ்வளவு, எந்தக் கட்சிக்காரன் எவ்வளவு கொடுத்தான், யார் வீட்டில் கல்யாணம் என்று எல்லாம் அங்கேதான் பேசப்பட்டது. நாள் முழுக்க வேலை செய்த உடம்பை யாரும் விரட்டாத ஓரிடத்தில் கொஞ்ச நேரம் கிடத்தி வைக்க முடிந்தது. ஊரில் பெண்களுக்கு அப்படி ஓரிடம் இல்லை. ரேஷன் கடை வரிசையில் நிற்கலாம், நூறு நாள் வேலையின் மர நிழலில் உட்காரலாம். இரண்டிலும் கையில் வேலையோ அட்டையோ இருக்க வேண்டும். காரணம் எதுவும் சொல்லாமல் உட்கார்ந்து பாட்டுக் கேட்கும் இடம் ஆண்களுக்கு மட்டும்தான். மதுக்கடைப் பாடல்களை நான் விமர்சிப்பது இந்த இடத்திலிருந்துதான். அந்தப் பாட்டுகள் யார் உட்காரும் இடத்திலிருந்து பாடப்படுகின்றன, அந்த இடத்தில் பெண் எப்படி வருகிறாள்?

சினிமாவில் இதற்குப் பதில் எளிது. அவள் குடிக்குக் காரணமாக வருவாள். 2011இல் ‘கொலவெறி’ உலகம் முழுக்கப் பரவியபோது அந்த வகைக்கு ‘சூப் பாட்டு’ என்று பெயரே நிலைத்துவிட்டது. நாயகனின் பிம்பம், இயக்குநரின் கதை, தயாரிப்பாளரின் கணக்கு என்று சினிமாப் பாட்டுக்குச் சாக்குச் சொல்ல நிறைய பேர் இருக்கிறார்கள். அதனால்தான் சுயாதீன இசை வந்தபோது எனக்கு அவ்வளவு ஆசை. தானே எழுதி, தானே மெட்டுப் போட்டு, யூடியூபில் ஏற்றிவிடுகிற பாட்டு. கதாநாயகன் தேவையில்லை. யார் பேச்சையும் கேட்க வேண்டியதில்லை. இனியாவது வேறு பாட்டு வரும் என்று நினைத்தேன்.

வந்தது ‘கிளப்புல மப்புல’. ஹிப்ஹாப் தமிழா இணையரின் தொகுப்பு 2012இல் வெளியாவதற்கு முன்பே அவர்கள் பெயரை ஊரறியச் செய்த பாட்டு அது. சென்னையின் கிளப்பில் குடித்துவிட்டு ஆடும் பெண்ணைப் பார்த்து, தமிழ்ப் பண்பாடு போயிற்றே என்று வருந்தும் பாட்டு. அந்தக் கிளப்பில் ஆண்களும் குடித்துக்கொண்டுதான் இருந்திருப்பார்கள். அவர்களுடைய கோப்பையில் பண்பாடு தளும்பவில்லை. மங்களூரில் 2009 ஜனவரியில் ஒரு கூட்டம் பப்புக்குள் புகுந்து பெண்களை அடித்துத் துரத்தியபோது சொன்ன காரணமும் இதே பண்பாடுதான். பாட்டு யாரையும் அடிக்கவில்லை, உண்மைதான். அடித்தவர்களும் பாடியவர்களும் ஒரே வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தார்கள் என்பதும் உண்மைதான்.

இதைச் சொல்லும்போது ஒன்றை மறைக்கக் கூடாது. அந்தப் பாட்டுக்குக் கல்லூரி விடுதி மொட்டைமாடியில் ஆடியவர்களில் நானும் ஒருத்தி. நன்றாகத் தமிழ் பேசி ஒருவன் ராப் பாடுகிறான் என்ற பெருமையில் ஆடினோம். திட்டு வாங்குகிறவள் நாங்கள் இல்லை, யாரோ பணக்காரப் பட்டணத்துப் பெண் என்று நினைத்துக்கொண்டோம். தாளம் நன்றாக இருந்தால் நம்மைத் திட்டும் பாட்டுக்கும் நம் கால் ஆடும். தோழிகளே, இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆடி முடித்த பிறகு யோசித்தால் போதும்.

யோசித்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது எங்கள் தெருக் கிழவிகள்தான். நடவு முடிந்து இடுப்பு ஒடிந்து வரும் ஆயாக்கள் அந்தியில் ஒரு சொம்பு கள்ளை வீட்டுக்கே வரவழைத்துத் திண்ணையில் உட்கார்ந்து குடித்ததை நான் பார்த்திருக்கிறேன். யாரும் அதைப் பண்பாட்டுக் கேடு என்று சொன்னதில்லை. குடிக்கிற பெண் பட்டணத்தோடு வந்து இறங்கியவள் என்பது வயல் பார்க்காதவர்களின் நம்பிக்கை. இன்னும் பின்னால் போனால் ஔவையார் இருக்கிறார். அதியமான் இறந்தபோது அவர் பாடிய புறநானூற்றின் 235ஆம் பாட்டு கள்ளில்தான் தொடங்குகிறது. கள் கொஞ்சமாக இருந்தால் எங்களுக்கே கொடுத்துவிடுவானே, நிறைய இருந்தால் நாங்கள் பாடப் பாட அவனும் சேர்ந்து மகிழ்வானே என்று ஒரு பெண் புலவர் தன் நண்பனை நினைத்து அழுகிறார். கள்ளும் பாட்டும் பெண்ணும் ஒரே இடத்தில், யாரும் யாருக்கும் தொட்டுக்கொள்ளாக இல்லாமல் இருந்திருக்கிறார்கள். பண்பாட்டைக் காட்டி நம்மைத் திட்டுகிறவர்கள் இந்தப் பாட்டைப் படித்துவிட்டு வரட்டும்.

சுயாதீன இசையில் அதற்குப் பின் நல்லதும் நடந்தது. 2018 ஜனவரியில் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ மேடையேறியது. சாவு வீட்டில் ஆண்கள் பாடுவதாகவே இருந்த கானாவை இசைவாணி என்ற ராயபுரத்துப் பெண் பாடினார். 2020இல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் அவர் பெயர் வந்தது. அந்தக் குழுவில் பத்தொன்பது பேர், அதில் பெண் அவர் ஒருவர்தான். அவர் 2018இல் கோயில் நுழைவைப் பற்றிப் பாடிய பாட்டுக்காக 2024 நவம்பரில் வசவும் மிரட்டலும் வந்து குவிந்தன. பெண்ணை வசைபாடிய பாட்டு ஒருவரைச் சினிமா வரைக்கும் கொண்டுபோகிறது. வாசலைத் திற என்று பாடிய பெண்ணை ஆறு ஆண்டு கழித்தும் துரத்துகிறது. சுயாதீனம் என்ற சொல்லுக்கு இருவருக்கும் ஒரே விலை இல்லை.

2021 மார்ச்சில் ‘எஞ்சாயி எஞ்சாமி’ வந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து, நிலமில்லாமல் திரும்பி வந்த தன் பாட்டி வள்ளியம்மாளை நினைத்து அறிவு எழுதியது. பாரின் ஸ்பீக்கரில் அதைக் கேட்டபோது அம்மா கரண்டியை நிறுத்தினாள். “இது இன்னா பாட்டுடி?” என்று கேட்டாள். பதினைந்து ஆண்டில் அந்த ஸ்பீக்கரிலிருந்து வந்த ஒரு பாட்டைப் பற்றி அவள் கேட்ட ஒரே கேள்வி அது. அதில் உழைத்தவள் ஒருத்தி இருந்தாள். ஆனால் அவள் இருந்தது தோட்டத்தில். கடை வாசலில் உழைப்பவள் இன்னும் எந்தப் பாட்டுக்குள்ளும் வரவில்லை.

மதுவை எதிர்க்கும் பாட்டில் வருகிறாளா? மக்கள் கலை இலக்கியக் கழகத்தின் கோவன் டாஸ்மாக்கை மூடச் சொல்லிப் பறையடித்துப் பாடினார். 2015 அக்டோபரில் அவரைத் தேசத்துரோக வழக்கில் கைது செய்தார்கள். கம்பெனியும் இல்லை, விளம்பரமும் இல்லை. சுயாதீன இசை என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் அதைத்தான் முதலில் சொல்வேன். ஒரு பாட்டுக்கு அரசு அவ்வளவு பயந்தது. ஆனால் மதுவிலக்கு மேடைகளில் நான் கேட்டு வளர்ந்த பாட்டுகளில் பெண் எப்போதும் தாலியைக் கையில் பிடித்துக்கொண்டு அழுதாள். குடிக்குக் காரணமாக இல்லாவிட்டால் குடிக்குப் பலி. இரண்டில் ஒன்றாகத்தான் அவளுக்கு இடம் கிடைக்கிறது.

2017இல் நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்ற உச்ச நீதிமன்றத் தீர்ப்பு நடைமுறைக்கு வந்தது. மூடிய கடைகள் ஊருக்குள் நகர, தமிழ்நாடு எங்கும் பெண்கள் சாலையில் இறங்கினார்கள். திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில் ஒரு போலீஸ் அதிகாரி போராடிய பெண்ணைக் கன்னத்தில் அறைந்ததை நாடே பார்த்தது. அந்த நாட்களில் எங்கள் கடையும் இடம் மாறும் என்று பேச்சு வந்தது. பக்கத்துத் தெருப் பெண்கள் கடையை மூடச் சொல்லி மனுக் கொடுக்கப் போனார்கள். அம்மாவையும் கூப்பிட்டார்கள். “உன் தாலியறுத்த கடை தானே, நீ வராம யாருடி வருவா?” என்றாள் ஒரு சித்தி. அப்பா நான் ஒன்பதாவது படிக்கும்போது ஈரல் கெட்டுச் செத்தார். அவர் குடித்ததும் அந்தக் கடையில்தான்.

அம்மா போகவில்லை, போகாமலும் இருக்க முடியவில்லை. அன்றைக்கு வண்டி போடாமல் வீட்டிலேயே இருந்தாள். ராத்திரி என்னிடம் சொன்னாள்: “உங்கப்பனக் கொன்னதும் அந்தக் கடதான். உன்னப் படிக்க வெச்சதும் அந்தக் கடதான். நான் எந்தப் பக்கம்டி நிக்கிறது?”

இந்தக் கேள்வியைத் தாங்குகிற ஒரு பாட்டு தமிழில் இல்லை. நான் இசையிடம் குறை சொல்வது இதைத்தான்.

சட்டம் இந்தக் கேள்வியின் பக்கத்தில் வந்து போயிருக்கிறது. மது பரிமாறும் இடங்களில் பெண்கள் வேலை செய்யக் கூடாது என்ற பழைய பஞ்சாப் சட்டப் பிரிவு செல்லாது என்று 2007இல் நம் உச்ச நீதிமன்றம் சொன்னது. பெண்ணைப் பாதுகாக்கிறேன் என்று அவள் வேலையைப் பறிக்கக் கூடாது என்பது அதன் சாரம். இலங்கையில் 2018 ஜனவரியில் பெண்கள் மது வாங்கவும் மதுக்கடையில் வேலை செய்யவும் இருந்த தடையை நிதியமைச்சர் நீக்கினார். சில நாளிலேயே ஜனாதிபதி அதைத் திரும்பப் பெறச் செய்தார். பெண்கள் நீதிமன்றம் போனார்கள். கவுண்டருக்கு உள்ளே நிற்கும் உரிமையைப் பற்றி இவ்வளவு பேச்சு. கடைக்கு வெளியே, லைசென்ஸ் இல்லாமல், எண்ணெய்ச் சட்டியோடு நின்றவளைச் சட்டமும் பார்க்கவில்லை, பாட்டும் பார்க்கவில்லை.

இப்போது நான் புதுச்சேரி நகரத்தில் வேலை பார்க்கிறேன். போன ஆண்டு ஒரு சனிக்கிழமை, தோழிகளோடு கடற்கரைப் பக்கம் ஒரு மாடி பாருக்குப் போனேன். ஒரு பெண் கிடாரை வைத்துக்கொண்டு தானே எழுதிய தமிழ்ப் பாட்டைப் பாடினாள். நல்ல குரல். மழை, மொட்டைமாடி, பிரிந்துபோன ஒருவன். என் முன்னால் ஒரு கிளாஸ் பீர். யாரும் முறைக்கவில்லை. காரணம் சொல்லாமல் உட்கார்ந்து பாட்டுக் கேட்கும் அந்த இடம் எனக்கு முப்பது வயதுக்கு மேல்தான் கிடைத்தது. சந்தோஷமாக இருந்தது. பிறகு பில் வந்தது. ஒரு தட்டு மீன் வறுவலுக்குப் போட்டிருந்த தொகையை அம்மா வண்டியில் ஒரு நாள் முழுக்க நின்று சம்பாதித்தாள். நகரத்தில் நமக்குக் கிடைக்கும் விடுதலை காசு கொடுத்து மாடியில் வாங்கியது, தெருவுக்கு அது இன்னும் இறங்கவில்லை. அந்தப் பெண் பாடியது அவள் வாழ்க்கை. அதில் குறை இல்லை. அவளைப் போல இன்னும் பத்துப் பேர் பாட வேண்டும், அதில் ஒருத்தியாவது கீழே இருந்து வர வேண்டும்.

பெண்ணும் குடிக்கலாம் என்று பாடினால் போதும் என்றோ, கடையை மூடு என்று பாடினால் போதும் என்றோ எனக்குத் தோன்றவில்லை. இரண்டும் தேவைப்படும் நேரம் இருக்கிறது. நான் தேடுவது, கடை மூடும் நேரத்தில் சில்லறையை எண்ணுகிறவளின் பாட்டு. குடிகாரனிடம் கடன் வசூலிக்கத் தெரிந்தவள், கையைப் பிடித்தவனைச் சட்டிக் கரண்டியால் தட்டியவள், அதே கூட்டத்தில் தன் புருஷன் விழுந்து கிடந்தபோது தூக்கிப் போனவள், மறுநாள் காலை மறுபடி முட்டை அவித்தவள். அவளுக்கு நியாயம் தீர்க்காத பாட்டு. பாட்டு எழுதும் மாணவிகள் இதைப் படித்தால், உங்கள் ஊர்க் கடை வாசலில் யார் நிற்கிறார்கள் என்று ஒருமுறை பாருங்கள்.

அம்மா வண்டியை நிறுத்தி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. முழங்கால் வலி. இந்தக் கட்டுரையை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். கடைசிவரை கேட்டாள். “நெத்திலிய விட நாம வெச்ச கருவாடுதான் நல்லா ஓடிச்சு, அத எழுதலியே” என்றாள்.