காத்தான்குடிக் கூரையில் ஒரு காம்போ ரிசீவர்: வாங்குமுன் தெரிய வேண்டியவை

டிஷ்ஷுக்கு ஒரு துளை, கூரை அன்டனாவுக்கு ஒரு துளை, இரண்டுக்கும் ஒரே பெட்டி. மாதக் கட்டணம் இல்லை. ‘டிவிபி-எஸ்2 / டி2’ என்று அட்டையில் அச்சடித்து விற்கப்படும் காம்போ ரிசீவரின் கவர்ச்சி இதுதான். காத்தான்குடியில் ஒன்றைப் பூட்டிப் பாவித்துப் பார்த்ததில் என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டிஷ் பக்கம் கொடுத்த காசுக்குக் குறையில்லை. அன்டனா பக்கம் நமக்கு உதவாது. அந்தக் குறை இந்தப் பெட்டியோடு முடிகிற விஷயமும் அல்ல.

பெட்டி உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிது. பின்னால் எச்டிஎம்ஐ, பழைய டிவிக்கான மூன்று நிற வயர், யுஎஸ்பி எல்லாம் உண்டு. 12 வோல்ட் அடாப்டரில் ஓடுவது எனக்குப் பிடித்த அம்சம். கரண்ட் போனாலும் பெட்டியையும் ஒரு சிறிய 12 வோல்ட் டிவியையும் பற்றரியில் ஓடவிடலாம். ரிமோட் மலிவானது. எண்களை அழுத்தி அழுத்தித்தான் கேட்க வைக்க வேண்டும்.

டிஷ் பக்கம்

இந்தியாவின் டிடி ஃப்ரீ டிஷ் சேவை ஜிசாட்-15 செயற்கைக்கோளிலிருந்து வருகிறது. அது 2015 நவம்பரில் ஏவப்பட்டது. கிழக்குத் தீர்க்கரேகை 93.5 பாகையில் நிற்கிறது. காத்தான்குடியிலிருந்து பார்த்தால் தென்கிழக்கே, அடிவானத்திலிருந்து 73 பாகைக்கு மேல். ஏறக்குறைய உச்சந்தலைக்கு நேரே பார்க்கிற டிஷ் என்பதால், வீடுகள் நெருங்கிய நம் ஒழுங்கைகளில் பக்கத்து மாடியோ தென்னையோ இலகுவில் குறுக்கே வராது. திசை சரியாக அமைந்ததும் அலைவரிசைகள் தாமாக வந்து விழுந்தன. படத்தில் புள்ளியும் இல்லை, நிழலும் இல்லை.

கவனிக்க வேண்டியது உப்புக்காற்று. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் மட்டக்களப்பு வாவி; நடுவே ஒடுங்கிய மணல் துண்டில் இருக்கிறது நம் ஊர். பழைய டிஷ் ஒன்றின் எல்என்பியில் (டிஷ்ஷின் முன் நின்று அலையை வாங்கும் பகுதி) முறுக்கியிருந்த எஃப் கனெக்டரைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே செப்புக் கம்பி பச்சை பிடித்து, நுனி பொடியாக உதிர்ந்தது. அந்த நுனியை வெட்டி, புதிதாகச் சீவி, கனெக்டர் மாற்றியதும் சிக்னல் தரம் ஏறிவிட்டது. புதிதாகப் பூட்டுகிறவர்கள் அந்த மூட்டை ரப்பர் டேப்பால் இறுகச் சுற்றச் சொல்லுங்கள்.

ஆனால் என்ன பார்க்கலாம்? டிடி தமிழ் உட்பட இந்திய அலைவரிசைகள். நம்முடைய நேத்ரா, வசந்தம், சக்தி இதில் இல்லை. அவற்றை டிஜிட்டலில் பார்க்க டயலொக் டிவி, பியோ டிவி போன்ற கட்டணச் சேவைக்குத்தான் போக வேண்டும். சென்னை வானிலை தெளிவாகக் கேட்கும். மட்டக்களப்பு வானிலை கேட்காது.

அடுத்தது மழை. செயற்கைக்கோள் அனுப்பும் கேயு பட்டை அலைகளை அடைமழை விழுங்கிவிடும். வடகீழ்ப் பருவமழை கொட்டும்போது திரையில் சதுரம் சதுரமாகப் படம் உடைகிறது. பிறகு ‘சிக்னல் இல்லை’ என்று மட்டும் நிற்கிறது. மழை தணிந்தால் திரும்பி வரும். கட்டணச் சேவையின் டிஷ்ஷுக்கும் இதே கதிதான். செய்தி மிகவும் தேவைப்படும் நேரத்தில் டிஷ் கைவிடுகிறது.

அன்டனா பக்கம்

தரைவழி அலைகளுக்கு மழை பெரிய தடையல்ல. அந்த நம்பிக்கையில் கூரை அன்டனாவை இதே பெட்டியில் மாட்டித் தேடவிட்டேன். தேடல் பட்டை நூறு சதவீதம் வரை ஓடி, ஓர் அலைவரிசையும் இல்லாமல் நின்றது. அதே வயரைக் கழற்றி டிவியில் நேரே செருகினால் அனலொக்கில் ரூபவாஹினி வருகிறது, புள்ளி விழுந்தபடி.

பெட்டியில் பழுதில்லை. நம் கோபுரங்கள் இன்னும் அனுப்பும் அனலொக் அலையை டி2 பிடிக்காது. நாளை டிஜிட்டல் வந்தாலும் பிடிக்காது. டி2 என்பது தரைவழி டிஜிட்டலுக்கான ஐரோப்பிய முறை. இலங்கையிலும் முதலில் அந்த முறையே பேசப்பட்டது. 2014இல் அரசு ஜப்பானின் ஐஎஸ்டிபி-டி முறையைத் தேர்ந்தெடுத்தது. அதே ஆண்டு ஜப்பானின் ஜைக்கா நிறுவனத்தோடு சுமார் 1,370 கோடி யென் கடன் ஒப்பந்தமும் ஆனது. வேலை இழுபட்டது. 2022இல் நாடு கடன் கட்ட முடியாமல் நின்றபோது ஜப்பானியக் கடனுதவியும் நின்றது. 2024 ஜூலையில்தான் அது மீண்டும் தொடங்கியது. டி2, ஐஎஸ்டிபி-டி இரண்டும் ஒன்றோடொன்று பேசாது. ஆகவே அட்டையில் ‘டிஜிட்டல்’ என்று இருப்பதை மட்டும் நம்பி டிவியோ பெட்டியோ வாங்கினால், நம் கோபுரங்கள் டிஜிட்டலுக்கு மாறும் நாளில் இன்னொரு பெட்டி வாங்க நேரும்.

மறு ஒளிபரப்பு ஏன் முக்கியம்?

ரூபவாஹினியின் பெரிய கோபுரம் நிற்கும் பிதுருதலாகலை உச்சி 2,524 மீற்றர். காத்தான்குடிக்கு நேர்கோட்டில் ஏறத்தாழ 130 கிலோமீற்றர். இடையில் மலைகள். அவ்வளவு தூரம் வந்து சேரும் அலையும், பட்டுத் தெறித்துப் பிந்தி வரும் அலையும் சேர்ந்து அனலொக்கில் இரட்டை உருவம் காட்டும். ஐஎஸ்டிபி-டி பிந்தி வரும் அலையைத் தாங்கும்படி அமைந்தது. அதனால் பெரிய கோபுரம் அனுப்பும் அதே அதிர்வெண்ணிலேயே பக்கத்தில், அந்த அலையை வாங்கித் திருப்பி அனுப்பும் ஒரு சிறிய மறு ஒளிபரப்பு நிலையத்தையும் இயக்கலாம். அனலொக்கில் இது முடியாது. அங்கே பக்கத்து நிலையங்களுக்குத் தனித்தனி அதிர்வெண் தேவை. டிஜிட்டலில் அலை ஓர் அளவுக்குக் கீழே போனால் படம் மங்காது, அடியோடு நின்றுவிடும். ஆகவே மட்டக்களப்புக் கரைக்கு அருகிலேயே ஒரு நிலையம் அவசியம்.

இந்த முறையில் அவசர எச்சரிக்கை ஒளிபரப்பு என்றொரு வசதியும் உண்டு. ஒளிபரப்போடு வரும் ஒரு குறியீடு, அதற்கேற்ற ரிசீவர் தயார் நிலையில் இருந்தால் அதைத் தானாகவே இயக்கி எச்சரிக்கையைக் காட்டும். 1978 நவம்பர் 23 சூறாவளி மட்டக்களப்பைப் புரட்டியபோது நாட்டில் தொலைக்காட்சியே கிடையாது; ஐ.டி.என். தொடங்கியது 1979 ஏப்ரலில். 2004 டிசம்பர் 26 காலை சுனாமியில் கடல் ஊருக்குள் வந்தபோது வீடுகளில் டிவி இருந்தது, எச்சரிக்கை இல்லை. பிறை அறிவிப்புக்கு ஊரே காது கொடுத்துக் காத்திருக்கிற இடம் இது. கரையோர வீடு ஒவ்வொன்றுக்கும் எச்சரிக்கையும் அதே வேகத்தில், தமிழில், கட்டணமின்றி வந்து சேர வேண்டும்.

யார் வாங்கலாம்?

இந்திய அலைவரிசை போதும், மாதச் செலவு வேண்டாம் என்பவர்கள் வாங்கலாம். ஆனால் டி2 வசதிக்காக ஒரு ரூபாயும் கூடுதலாகக் கொடுக்காதீர்கள்; டிஷ்ஷுக்கான எஸ்2 மட்டும் உள்ள பெட்டியே போதும். உள்ளூர்ச் செய்திதான் முக்கியம் என்றால் பழைய அன்டனாவைக் கழற்றி எறிய வேண்டாம். அது யுஎச்எஃப் அன்டனாவாக இருந்தால் டிஜிட்டல் வந்த பிறகும் பயன்படும். புதிய டிவி வாங்கப் போகிறவர்கள் கடையில் ‘டிஜிட்டல் இருக்கா?’ என்று கேட்காமல், ‘ஐஎஸ்டிபி-டி இருக்கா? எச்சரிக்கை வசதி இருக்கா?’ என்று கேளுங்கள். பதில் தெளிவில்லை என்றால் கையேட்டைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். நம் பிரதிநிதிகளிடமும் ஒரு கேள்வி கேட்போம்: டிஜிட்டல் திட்டத்தில் மட்டக்களப்புக் கரைக்கான மறு ஒளிபரப்பு நிலையம் எங்கே, எப்போது?