கீசகனைக் கண்டவர் யார்?

மலர்க் குழுவினர் கேட்டுக்கொண்டபடி தென்னாட்டு மௌனப்பட வழிகளைப் பற்றி எழுதுகிறேன். நம் சங்கத்தாருக்கு ஆர். நடராஜ முதலியார் யார் என்று அறிமுகம் செய்ய வேண்டியதில்லை.

முதலியார் வழி புராண வழி. பூனாவில் ஸ்டூவர்ட் ஸ்மித்திடம் கேமரா பழகி, புரசைவாக்கத்தில் எடுத்த 'கீசக வத'த்தின் நீளம் ஏறத்தாழ 6,000 அடி. பம்மல் சம்பந்த முதலியாரின் யோசனையும் அதில் உண்டு. ரகுபதி வெங்கையா வழியினர் கொட்டகை கட்டியவர்கள். படம் எடுப்பதை மகன் பிரகாஷ் பார்த்துக்கொண்டார். 1929இல் ஜெனரல் பிக்சர்ஸ் தொடங்கிய ஏ. நாராயணன், படமெடுப்பதை ஒரு தொழிலாக நிலைநிறுத்தப் பார்த்தார். ராஜா சாண்டோ பம்பாயில் பெயர் வாங்கித் திரும்பிச் சமூகக் கதைகளைத் தொட்டார், கே. சுப்ரமணியம் அவரிடம் தொழில் கற்றவர். டுபாண்டிடமிருந்து 1905இல் படம் காட்டும் கருவி வாங்கிய சாமிக்கண்ணு வின்சென்டைத் திருச்சிக்காரர்கள் விட்டுத்தர மாட்டார்கள். விற்றவர் பிரெஞ்சுக்காரர் என்பதற்காக நம்மூர்ப் புதுச்சேரியில் சிலர் அதில் பங்கு கேட்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

இத்தனை பேர் எடுத்ததில் நாம் உட்கார்ந்து பார்க்க என்ன இருக்கிறது? நாகர்கோவில் சுந்தர்ராஜ் தயாரித்த 'மார்த்தாண்ட வர்மா' (1933) இருக்கிறது. அதன் மூல நாவலின் உரிமை பற்றி வழக்கு வந்ததால் படச்சுருள் பதிப்பாளர் வசம் முடங்கிக் கிடந்தது. 1974இல் பூனா திரைப்பட ஆவணக் காப்பகத்துக்குப் போயிற்று. ஜெர்மனியிலும் இதே கூத்துதான். முர்னாவின் 'நொஸ்ஃபெராட்டு'வை, அதன் மூல நாவலாசிரியரின் மனைவி தொடுத்த வழக்கில் நீதிமன்றம் அழிக்கச் சொன்னது, அது பிழைத்துக்கொண்டது. முர்னாவே 1920இல் எடுத்த 'யானுஸ்கோப்ஃப்' போன இடம் தெரியவில்லை. வழக்கில் சிக்கியவை இரண்டும் தப்பின, வம்பு வழக்கில்லாத கீசகன் தப்பவில்லை. நைட்ரேட் சுருள் தானே பொடிந்தது பாதி, வெள்ளிக்காக உருக்கப்பட்டது பாதி.

எங்கள் ஆசிரியர் ஐயா இதை எப்படிப் பாடம் சொன்னார் என்பது மூத்த அங்கத்தினர்களுக்கு நினைவிருக்கும். தொலைந்த படத்தைப் பற்றிப் பேசும் நாளில் கரும்பலகையை மூன்றாகப் பிரிப்பார். அச்சில் வந்த செய்தி வெள்ளைச் சுண்ணாம்பில், கண்டவர் வாய்மொழி மஞ்சளில். மூன்றாவது கட்டம் காலி. அங்கே எதையாவது எழுதச் சொல்லி யாராவது எழுந்தால், "அது நம்ம இடம் இல்லப்பா, உட்காரு" என்பார். 'கீசக வதம்' வந்த ஆண்டை 1916, 1917, 1918 என்று மூன்றாகவே எழுதிவைத்தார், ஒன்றையும் அழிக்கவில்லை.

இன்று பேச வருகிறவர்களை நான் குறை சொல்லவில்லை. உழைக்கிறார்கள், படிக்கிறார்கள். ஆனாலும் அண்மையில் ஒரு கூட்டத்தில் (நம் சங்கக் கூட்டமல்ல) திரௌபதி எந்தப் பக்கம் திரும்பி அழுதாள் என்பது வரை ஒருவர் விவரித்தார். எதிரே இருந்தவர்கள் கைதட்டினார்கள். வேறு ஏதோ படத்தின் புகைப்படத்தைத் திரையில் போட்டு 'இதுதான் கீசகன்' என்றார், அதற்கும் கைதட்டல்.

திரையிடலாவது ஒழுங்காக நடக்கிறதா? விநாடிக்கு 16 ஃபிரேம் ஓடவேண்டியதை 24இல் ஓட்டுகிறார்கள். முதலியாரின் 6,000 அடி இருந்திருந்தால் 100 நிமிடப் படத்தை 67 நிமிடத்தில் முடித்துவிட்டு, நடிகர்கள் ஏன் குரங்கு மாதிரி துள்ளுகிறார்கள் என்று நம்மையே கேட்பார்கள். அதற்கு மேல் கீபோர்டு வாசிப்பு. எழுத்து அட்டை வரும்போதெல்லாம் உரக்கப் படித்துக் காட்டும் நண்பர்கள். இரண்டாம் ரீல் முடிவதற்குள் கதவைத் திறந்துகொண்டு போண்டாத் தட்டு வருகிறது, அந்த வெளிச்சத்தில் திரை வெளுத்துப்போகிறது. ஐயா காலத்தில் காபிகூடக் கடைசி ரீலுக்குப் பிறகுதான். போண்டாவை நிறுத்தச் சொல்லிச் செயற்குழுவுக்கு இரண்டு முறை எழுதிக் கொடுத்திருக்கிறேன். சட்னி மட்டும் நிறுத்தப்பட்டிருக்கிறது.