புயலிடைப் படவு: இரு டச்சு ஓவியங்கள்

17ஆம் நூற்றாண்டின் டச்சு நாட்டார் கடலால் வாழ்ந்தவர்கள். அந்நாட்டு ஓவியர்கள் புயலையும் கப்பற்சேதத்தையும் மீண்டும் மீண்டும் தீட்டியதில் வியப்பில்லை. குமரி மாவட்டத்தாருக்கு அந்நாட்டுக் கப்பல்கள் புதியனவல்ல. 1741இல் மார்த்தாண்டவர்மரிடம் தோற்ற டச்சுக் கும்பெனியார் குளச்சலில் வந்திறங்கியவர்களே. அவர்களுள் ஒருவரான டிலனாயின் கல்லறை உதயகிரிக் கோட்டையில் இருக்கிறது.

லுடால்ஃப் பாக்ஹூய்சன் 1667இல் தீட்டிய ஓவியமொன்றில் மூன்று கப்பல்கள் பாறைக் கரையருகே அலைக்கழிகின்றன. வேறொரு கப்பலின் முறிந்த பாய்மரம் முன்னே மிதக்கிறது. மேலே முகில் விலகிப் பொன்னொளி வீசுகிறது. இதனைத் தெய்வப் பராமரிப்பின் அடையாளமாகக் கொள்வோர் உண்டு. அது தவறன்று, எனினும் அப்பாய்மரத்திற்குரியோர்க்கு அவ்வொளி பிந்தியே வந்தது. அலைகளை நேரில் காண இவ்வோவியர் துறைமுக வாய்வரை படகில் சென்று, கண்டது மறக்குமுன் தீட்ட வீட்டிற்கு விரைவார் என்று ஹௌப்ராக்கன் எழுதியுள்ளார். ஆயினும் மாலுமிகளின் முகங்களை அவர் நமக்குக் காட்டவில்லை.

ரெம்பிராண்ட் 1633இல் தீட்டிய கலிலேயாக் கடற்புயல் நம்மைப் படவுக்குள்ளேயே ஏற்றிவிடுகிறது. அவர் கடலைத் தீட்டியது இந்த ஒரே ஓவியத்தில்தான். (பாஸ்டன் நகரக் கலைக்கூடத்திலிருந்து 1990இல் திருடப்பட்டது, இன்னும் மீட்கப்படவில்லை. அச்சுப் படத்தைக் கொண்டே பேசுகிறோம்.) முன்னணியம் அலைமேல் எழும்பி ஒளியில் நிற்கிறது; பாய் கிழிந்துள்ளது; சிலர் கயிறுகளோடு போராடுகின்றனர். ஒருவன் படவின் விளிம்பில் குனிந்து வாந்தியெடுக்கிறான். கர்த்தரோ இருண்ட பின்னணியத்தில் இப்பொழுதுதான் விழிக்கிறார். படவிலுள்ளோரை எண்ணினால் பதினால்வர். மிகுதியாயுள்ள ஒருவர் ஓவியரே என்பர். அவர் ஒரு கையால் தொப்பியையும் மறுகையால் கயிற்றையும் பற்றியவராய் நம்மையே நோக்குகிறார்.

ஓவியர் தெரிந்துகொண்டது மாற்கு 4ஆம் அதிகாரத்தின் 38ஆம் வசனம். சீஷர்கள் கேட்டுவிட்டனர், மறுமொழி இன்னும் வரவில்லை. இவ்விடத்தில் இவ்வளவு நேரம் நிற்க நமது பிரசங்கங்களுக்குப் பொறுமையில்லை. ஒரு மூச்சில் அடுத்த வசனத்தின் அமைதலுக்குப் போய்விடுகிறோம். நம் சபைகளில் பல வயலும் தோப்பும் சூழ்ந்த உள்நாட்டு ஊர்களில் இருப்பவை என்பதும் ஒரு காரணமாகலாம். கடலை நாம் கரையிலிருந்தே அறிந்திருக்கிறோம். கடற்கரை ஊரார் பெரும்பாலும் கத்தோலிக்கர். 2017 நவம்பர் 30இல் ஒக்கிப் புயல் வீசியபோது தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை முதலிய ஊர்களிலிருந்து ஆழ்கடலுக்குச் சென்றோர் பலர் திரும்பவில்லை. பலருடைய உடலும் கிடைக்கவில்லை. அவ்வீடுகளின் திண்ணையில் அமர்ந்தவர் எவரும் 39ஆம் வசனத்தை அவசரமாக வாசித்திருக்கமாட்டார்.