தபாலில் வரும் படுக்கைநேரக் கதை

பிள்ளைகளுக்குக் கதைப் புத்தகங்களைத் தபாலில் அனுப்பும் திட்டம் பிஜே நூலகம். அதன் பெயரில் வரும் 'பிஜே' பைஜாமாவின் சுருக்கம். இரவு உடை மாற்றிய பிள்ளைக்கு அம்மாவோ அப்பாவோ கதை வாசிக்கும் அந்த நேரத்தையே பெயராக்கியிருக்கிறார்கள். எத்தனை அழகான பெயர்!

ஹாரல்ட் கிரின்ஸ்பூன் அறக்கட்டளை 2005-இல் அமெரிக்காவின் மேற்கு மாசசூசெட்ஸில் இந்தத் திட்டத்தைத் தொடங்கியது. பாடகி டாலி பார்ட்டனின் இலவசப் புத்தகத் திட்டம்தான் முன்மாதிரி. உள்ளூர் யூத அமைப்புகளும் செலவில் பங்கேற்க, யூதக் குடும்பங்களின் பிள்ளைகளுக்குப் புத்தகம் இலவசமாகத் தபாலில் வரும்.

என் மனதைக் கவர்ந்தது அட்டையின் உள்மடிப்பு. அங்கே பெற்றோருக்கென்று சில வரிகள் இருக்கும்: கதையில் வரும் வழக்கம் என்ன, எபிரேயச் சொல்லின் பொருள் என்ன, பிள்ளையிடம் எதைப் பற்றிப் பேசலாம். 'செதாக்கா' என்ற சொல்லையே பாருங்கள். தர்மம் கொடுப்பதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். ஆனால் அதன் வேர்ச்சொல் நீதியைக் குறிப்பது. சிறுவயதில் இதையெல்லாம் படிக்காத அப்பாவும் கூச்சமில்லாமல் பிள்ளையோடு சேர்ந்து தெரிந்துகொள்ளலாம். வகுப்பறையால் இதைத் தர முடியாது என்றே நினைக்கிறேன்.

கைக்குழந்தைகளுக்கு வருவது கெட்டி அட்டைப் புத்தகம். வாயில் வைத்துக் கடித்தாலும் தாங்கும்.